அகாலம்

காபி ஆறவில்லை.

கொடைக்கானலில் இது நடக்காத காரியம். இங்கே காபி அடுப்பிலிருந்து உதட்டுக்கு வருவதற்குள் பாதி ஆறிவிடும். மீதிச் சூட்டை டம்ளரைப் பிடித்த கை குடித்துவிடும். முருகேஸ்வரி டம்ளரை மேசையில் வைத்தாள், ஒரு வேலையை முடித்தாள், இன்னொன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டாள், எழுந்து நடந்தாள், திரும்ப வந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தபோது நாக்குச் சுட்டது. ஆவி டம்ளருக்கு மேலே வெள்ளை நூலாக நின்றது. ஆடவில்லை.

திரையில் மணி மூன்று இருபது. கொஞ்சம் முன்னால் பார்த்தபோதும் மூன்று இருபதுதான்.

நாலு அடித்தால் கேட் திறக்கும். திறந்ததும் ஓட்டமாக ஏரி ரோட்டுக்குப் போய், பிளே ஸ்கூல் வாசலில் நிற்கும் லாவண்யாவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நாலரை வயது. கையை நீட்டினால் பிடிக்கமாட்டாள். அம்மாவின் சுண்டு விரல்தான் வேண்டும். அதை மட்டும் முழுக் கையாலும் இறுக்கிக்கொண்டு நடப்பாள். புருசன் திருப்பூரில். இந்த ஊரில் குழந்தைக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த விரல். காலையில் அதை விடமாட்டேன் என்றாள்.

"நாலு அடிச்சதும் வந்துரணும்மா. வெரசா."

"இந்தா, போனதும் தெரியாது வந்ததும் தெரியாது. வந்துருவேன்."

அவள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அறை பங்களாவுக்குக் கீழே இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் விறகு அடுக்கிய நிலவறை. இப்போது ஒரு சர்வர், ஒரு மேசை, ஒரு ஹீட்டர், சுவரெல்லாம் யூக்கலிப்டஸ் தைலமும் பூஞ்சையும் கலந்த வாடை. சர்வரின் விசிறி எப்போதும் குளவி மாதிரி இரையும். இன்றைக்கு அந்த இரைச்சல் கனத்துப்போய், அடித்தொண்டையில் யாரோ முனகுவது போல் கேட்டது.

மேலே இருப்பது 'அகாலம்' என்ற ஓய்வு விடுதி. காலமே இல்லாத இடம் என்று அர்த்தம் என்பார் முதலாளி ராஜமுருகன். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லோடு மரணம் என்று ஒன்றைச் சேர்க்காமல் யாரும் சொல்வதில்லை என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லும் துணிச்சல், சம்பளம் வாங்குகிற யாருக்கும் இருக்கவில்லை. தேக்குப் பலகையில் தங்க எழுத்தில் கேட்டுக்கு மேலே மாட்டிவிட்டார். அதன் கீழே, திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர் நட்ட சில்வர் ஓக் கன்று. கன்று முழங்கால் உயரம், அவர் பெயர் பொறித்த கல் இடுப்புயரம்.

பழனி அடிவாரத்தில் ராஜமுருகனின் அப்பா பக்தர்களின் செருப்பை வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தார். மகன் சென்னை, பெங்களூர்க்காரர்களின் வாட்சையும் போனையும் சந்தனப் பெட்டியில் வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தார். தொழில் அதேதான், வாடைதான் மாறியிருந்தது. உள்ளே கடிகாரமே கிடையாது. மணி, திரைச்சீலை, விளக்கு, கேட் எல்லாவற்றையும் சர்வர் நடத்தும். விடுமுறை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று விருந்தாளிகள் குறைப்படவே அவருக்கு ஒரு யோசனை உதித்தது.

"மதியத்தக் கொஞ்சம் இழுத்து விடுங்க. அவங்க தூங்குறப்ப அதுல பிடிச்சுக்கலாம்."

முடியாதது இல்லை. கம்ப்யூட்டரின் மையமான கெர்னலுக்குச் சொந்தமாக மணி தெரியாது. கண் விழித்ததும், பட்டன் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கடிகாரத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளும். அப்புறம் கேட்காது. பிராசசரின் துடிப்பை எண்ணி, இத்தனை துடிப்புக்கு ஒரு நொடி என்று தானே கணக்குப் போட்டுக்கொண்டு போகும். அந்த 'இத்தனை'யைக் கூட்டினால் நொடி நீளும். மணி நிற்காது, பின்னால் போகாது. கொஞ்சம் சாவகாசமாக நடக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கடிகாரம் பொய் சொல்கிறதா என்று தெரிய இன்னொரு கடிகாரம் வேண்டும். அதற்காகவே கெர்னலுக்குள் வாட்ச்டாக் என்று ஒரு காவல் உண்டு. அவ்வப்போது போர்டிலிருக்கும் வேறொரு கடிகாரத்தோடு துடிப்பை ஒத்துப் பார்த்து, பொருந்தவில்லையென்றால் கத்தும். போன வாரம் கத்தியது.

"சார், வாட்ச்டாக் கத்துது. ரெண்டும் ஒத்துப்போகல."

"டாக்கா? நம்ம ப்ராப்பர்ட்டி பெட் ஃப்ரீம்மா. ரிமூவ் பண்ணிருங்க."

விளக்க வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் காவலை எடுத்துவிட்டாள். வெளியுலகத்திலிருந்து மணி கேட்கும் இணைப்பையும் அவரே வெட்டச் சொல்லியிருந்தார். வெளி நேரம் மாசு என்றார். அன்று சாயங்காலமே, கேட்டில் காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்த கிழட்டு நாயையும் ஜீப்பில் ஏற்றி, வெள்ளகவிக்கு இறங்கும் பாதையில் விட்டுவிட்டு வந்தார்கள். உத்தரவை எந்தப் பக்கமும் மீறவில்லை.

அப்புறம் எதுவும் கத்தவில்லை.

"பாலு!"

முருகேஸ்வரி திடுக்கிட்டாள். பின் மதிலில் பால் வாங்குவதற்கென்று ஒரு கை நுழையும் அளவுக்கு ஜன்னல் விட்டிருந்தார்கள். பேத்துப்பாறை நாகராஜ் காலையில்தான் ஊற்றிவிட்டுப் போனார். படியேறிப் போனாள். மலை மஞ்சு இறங்கி முற்றத்தை மூடியிருந்தது. ஜன்னலுக்குள் கேனும் பாதி முகமும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, மறுபடியுமா? காலைல ஊத்துனதே அப்படியே கெடக்கு."

"எந்தக் காலைல? எகத்தாளமா தாயி? தொண்ட வத்தக் கத்திட்டுத் திரும்பிப் போறதே எனக்குச் சோலியாப் போச்சு. இங்க மதியத் தூக்கம்னு மாட்டுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குக் கறக்குது."

குனிந்து பார்த்தாள். அதே மப்ளர். காலையில் சிவப்பாக இருந்தது; இப்போது சாக்கு நிறம். மீசை முழுக்க வெள்ளை.

"மீசைக்கு என்னண்ணே ஆச்சு?"

"வயசாச்சு. ஒங்களுக்குத்தான் ஆகல. உள்ளயே கெடந்தா அப்படித்தான் போல." பொக்கை வாயால் சிரித்தார். "பேரு வச்சிருக்கான் பாரு, அகாலம்னு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கணக்கா."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னாள்.

"அண்ணே, போற வழியில பிளே ஸ்கூல்ல எம்புள்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. இப்ப வந்துர்றேன்னு."

"எது, ஏரி ரோட்டுல இருந்துச்சே, அதா? அத இடிச்சு ஹோம்ஸ்டே கட்டி, அதுவும் ஓடாம விக்கப் போட்டுட்டானே தாயி."

தலையை வெளியே இழுத்தார். நடந்து போகவில்லை. இருந்தார். இல்லை.

கூடத்துக்கு ஓடினாள். கம்பளி போர்த்திய விருந்தாளிகள் மெத்தைகளில் சாய்ந்து கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறகு எரிந்தது, குறையவில்லை. தைல வாடை, கம்பளி வாடை, ஏலக்காய் வாடை. மௌன நேரம் என்பதால் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டார்கள்.

"மதியம் முடியவே மாட்டேங்குதுல்ல? வாவ்."

"வொர்த், இல்ல?"

ராஜமுருகன் நடுவில் கண்ணை மூடிச் சம்மணமிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல். அதில் மஞ்சு, பொங்கி வழியும் பால் போல ஓடியது. அதற்குள் வெளிச்சம் வந்தது, போனது, வந்தது, போனது. சோக் போன டியூப்லைட் மாதிரி. மஞ்சு விலகிய ஒரு கணத்தில் கேட் தெரிந்தது. கேட்டை விட உயரமாக ஒரு மரம் தெரிந்தது.

காலையில் அங்கே மரமில்லை. கன்றுதான்.

"சார், கேட்டத் திறங்க. மணியச் சரி பண்ணணும். எம்புள்ள நிக்குது."

"ரிலாக்ஸ், முருகேஸ்வரி." கண்ணைத் திறக்கவில்லை. "எல்லாரும் எவ்வளவு ப்ரெசன்ட்டா இருக்காங்க பாருங்க. நாலு அடிச்சதும் போகலாம்."

"நாலு அடிக்காது சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அதாம்மா நம்ம ப்ராடக்ட்டே."

கீழே இறங்கினாள். கேட் காமிராவின் பதிவை மதியத்திலிருந்து திரையில் ஓட்டினாள். மூலையில் நேரம்: மூன்று இருபது.

கேட்டுக்கு வெளியே லாவண்யா நின்றாள். இளஞ்சிவப்புப் பை, அதில் தொங்கும் பிளாஸ்டிக் முயல். பக்கத்தில் பிளே ஸ்கூல் ஆயா கேட்டைத் தட்டுகிற கையோடு ஒரு கீற்றாக அசைந்து மறைந்தாள். ஆட்கள் வந்தார்கள். புருசன் வந்தான், கம்பியைப் பிடித்து ஆட்டினான். காக்கிச் சட்டைகள். ஒருவன் கட்டர் மெஷினை வைத்தான். பொறி கேட்டைத் தாண்டிய இடத்தில் அந்தரத்தில் நின்றது. நின்றபடியே இருந்தது. ஆட்கள் குறைந்தார்கள். கேட்டில் யாரோ மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். அப்புறம் சோளக்கதிர் சுடும் வண்டி வந்தது, மாங்காய்க் கீற்று வந்தது, செல்ஃபி எடுக்கும் கூட்டம் வந்தது. கூட்டமும் வண்டியும் போயின. கேட்டில் கொடி ஏறியது.

பை மட்டும் போய்ப் போய் வந்தது.

முதலில் முதுகில் தொங்கியது. பிறகு பச்சைச் சீருடை போட்ட பெண்ணின் தோளில். அப்புறம் சுடிதார். அப்புறம் சேலை. ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் நின்றாள், மேலே பலகையை அண்ணாந்து பார்த்தாள். ஒரு தடவை கைக்குழந்தையோடு. ஒரு தடவை தனியாக. தலையில் நரை. பதிவு தீர்ந்து, இந்த நேரத்துக்கு வந்திருந்தது.

மூலையில் நேரம்: மூன்று இருபது.

பேட்டரிக் கடிகாரத்திடம் கேட்டாள். யாரும் கை வைக்காத ஒன்று அதுதான். ஒரு வருடத்தைச் சொன்னது. நம்பாமல் மறுபடி கேட்டாள்.

அடுத்த வருடத்தைச் சொன்னது.

சரி செய்ய இரண்டு வழி. நொடியைச் சுருக்கி, கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடிப்பது ஒன்று. அதற்கு நாளாகும், அந்த நாளில் கேட்டுக்கு வெளியே பை கூட மிஞ்சாது. இன்னொன்று, ஒரே தாவல். பேட்டரிக் கடிகாரம் சொல்லும் மணியை அப்படியே கெர்னலுக்குக் கொடுப்பது. கொடுத்தால் விட்டுப்போன நேரம் அத்தனையும் ஒரு கணத்தில் உள்ளே வரும். காத்துக்கிடந்த அலாரங்கள் எல்லாம் சேர்ந்து அடிக்கும்.

உள்ளே வரும். யார் மேல்?

மெஷினுக்கு உள்ள விதி. மனுசருக்கு ஏது? தனக்குள் சொல்லிக்கொண்டாள். காபி ஆவி ஆடாமல் நின்றது. மேலே யாரோ சன்னமாகச் சிரித்தார்கள். திரையில் கிழவி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மழை வந்தது. எழுந்து போகவில்லை.

முருகேஸ்வரி கட்டளையை அடித்தாள். என்டரை அழுத்தினாள்.

மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

நிற்கவில்லை.

அடித்தது, அடித்தது, தனித்தனி அடியாக இல்லாமல் ஒரே ஓசையாக, பல்லுக்குள்ளும் எலும்புக்குள்ளும் அடித்தது. மேலே பலகைத் தளத்தில் பொத் என்று ஏதோ விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. கனமில்லாத விழுகை, துவைத்த கம்பளியைப் போட்டது போல. பேச்சில்லை. கூப்பாடில்லை. பலகை இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறத் தூசி மெல்ல இறங்கி மேசையில் படிந்தது. டம்ளரில் ஒரு கறுப்புக் கறை.

விசிறி நின்றது.

தூரத்தில் கேட் கிறீச்சிட்டது.

எழுந்திருக்கப் பார்த்தாள். உடம்பு கேட்கவில்லை. கண் மட்டும் இருந்தது. அல்லது பார்ப்பது மட்டும் இருந்தது.

முற்றத்தில் காலடி. மெதுவான காலடி. ஒரு கம்பு. கூடத்தில் கொஞ்சம் நின்றது. தாண்டி வந்தது. நிலவறைப் படி. ஒன்று. கம்பு. இன்னொன்று. கம்பு.

வாசலில் நரைத்த தலை. தோளில் நிறமே இல்லாத பை. காதறுந்த முயல்.

"நாலு அடிச்சிருச்சும்மா."

கிழவி பக்கத்தில் வந்தாள். முகத்தைப் பார்த்தாள். பயப்படவில்லை. சிரித்தாள், நாலரை வயதின் அதே சிரிப்பு.

"போலாமா?"

கையை நீட்டினாள். என்டர் மேல் காய்ந்து எலும்பாகக் கிடந்த கையில், வழக்கம்போல, சுண்டு விரலை மட்டும் முழுக் கையாலும் இறுகப் பிடித்தாள். மெல்ல இழுத்தாள்.

விரல் அவளோடு போனது.