வாசலுக்கு வந்த பாசி

எல்லைப்பாசி மினுங்கும் இடம்வரை சதுப்பு. அது தானாக வாடிய இடம் வீட்டுக்காரருக்கு. சதுப்போரக் குடியிருப்பில் மனை வாங்கிய எல்லோரும் இந்த விதிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்தப் பாசி மண்ணுக்குள் ஈரத்தைத் தேடித் தேடிப் போகும். போன இடமெல்லாம் இருட்டில் பச்சையாய் மினுங்கும். சுரண்டினால் வழக்கு.

தணிகைவேலுவின் மகள் பூர்ணிமா தலைப்பிரசவத்துக்கு வரப்போகிறாள். வீட்டில் இருப்பதோ ஒரே அறை. பின்பக்கம் பாசி கொஞ்சம் விலகினால் இன்னொன்று கட்டலாம். மனுஷன் சும்மா இருப்பாரா? ஈரமுறிஞ்சி ஒன்றை வாங்கிவந்து வாழைமரத்துக்குப் பின்னால் புதைத்தார். மண்ணின் ஈரத்தைச் சத்தமில்லாமல் ஆவியாக்கிவிடும் இயந்திரம் அது. பாசி பழுத்துச் சுருண்டது. "நான் அதைத் தொடவே இல்லையே" என்று மனைவி வசுமதியிடம் பெருமை வேறு.

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டிய மறுநாள் விடியற்காலையில், வாசல் தெளித்துக் கோலம் போடப்போன வசுமதி கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. நான் வச்ச புள்ளிக்கு நடுவுல பச்சையா என்னமோ மினுங்குது."

சதுப்பு ஆய்வாளர் ஜெசிந்தா வந்தார். உணர்கோலைத் தரையில் செருகிப் பார்த்தவருக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம்.

"பின்னாடி தண்ணி இல்லன்னதும், முன்னாடி தினமும் யாரோ தெளிக்கிறாங்கன்னு வீட்டுக்கு அடியிலயே வந்திருக்கு சார். இப்ப உங்க வீடே சதுப்புக்கு மேலதான் நிக்குது. தை மாசத்துக்குள்ள பாசி தானா திரும்பலைன்னா காலி பண்ணணும்."

"எப்படிங்க மேடம் திரும்பும்?" என்று கேட்டாள் வசுமதி.

"வந்த மாதிரிதான் போகும்னு நினைக்கிறேன். எனக்கும் அதைப் பாக்க ஆசையாத்தான் இருக்கு."

தணிகைவேலு ஈரமுறிஞ்சியைத் தோண்டி எடுத்தார். அன்றிலிருந்து வாசல் காய்ந்து கிடந்தது. கோலமில்லாத வாசலைப் பார்த்துத் துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டார், எல்லோரும் நன்றாக இருப்பதைக் கண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் திரும்பினார்கள்.

ஆட்டோவிலிருந்து இறங்கிய பூர்ணிமாவும் பதறிப்போனாள். "அம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லடி. பின்னாடி வா."

கொல்லையில் புதுக்கோலம் ஈரத்தோடு இருந்தது. அதன் ஓரத்தில் பாசி லேசாகத் துளிர்த்திருந்தது. தணிகைவேலு வாளியும் கையுமாய்க் குனிந்து நின்றார்.

"எனக்கு ரூம் கட்றேன்னியே, எங்கேப்பா அது?"

அவர் நிமிரவில்லை.

"அந்த இடத்துக்குத்தாம்மா தண்ணி தெளிச்சிட்டிருக்கேன்."