நேர்ச்சைக் கஞ்சி

எவர்சில்வர் கிண்ணத்தின் விளிம்பில் பல் பதிந்திருந்தது. கழுவும்போது விரலில் தட்டிய பள்ளங்களை ஞானபூரணி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். பொங்கல் சமயத்தில் அரைக் கரண்டிக் கஞ்சி இறங்காமல் கிடந்த மனிதர் கடித்த தடம்.

அவள் கணவர் பிலவேந்திரனுக்குக் கணையத்தில் புற்று. ஊர் டாக்டர்கள் கைவிரித்த பிறகு, தொண்ணூற்றெட்டின் தொடக்கத்தில், சென்னையில் ஒரு சோதனைச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். சளிக் கிருமியின் நோய்க்குணத்தை நீக்கி, அதில் நல்ல மரபணுவை ஏற்றி, வயிற்று வழியாகக் கட்டிக்குள்ளேயே ஊசி போட்டார்கள். "கறி, மீன், கேட்டதைக் குடுங்கம்மா" என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அவளோ அதற்குள் மாதாவிடம் நேர்ந்திருந்தாள்: அவர் பிழைக்க வேண்டும், தவக்காலம் முடியும்வரை வீட்டில் புலால் கிடையாது.

காமாலை வடிந்தது. வயிறு மட்டும் கல்லாக மேடிட்டது. அவர் கறி கேட்டார். அவள் கஞ்சி ஊற்றினாள்.

பெரிய வெள்ளி மதியம் வலையபட்டித் தெருவில் ஆளில்லை. காற்றே இல்லாத முற்றத்தில் வேப்பம்பூ வாசனையோடு பச்சை ரத்தத்தின் இரும்பு வாடையும் கலந்து அடுப்படிவரை மெல்ல ஊர்ந்து வந்தது. எங்கோ கடக், கடக் என்றது. இன்று கோவிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரக்கட்டைதான் தட்டுவார்கள். அந்தச் சத்தம் என்றே நினைத்தாள்.

சத்தம் அவர் அறையிலிருந்து வந்தது.

கொல்லையில் ஈஸ்டருக்காகக் கட்டிய கிடாயைக் காணோம். அறுந்த கயிறு. சிவந்த ஈரம். அறைவரை இழுத்த தடம்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடாயின் தொடை.

"என்ன காரியம் செஞ்சீக?"

"அதுக்குப் பச்சைத் தழை, எனக்குக் கஞ்சித் தண்ணியா? அதான் அதுக்கிட்டயே வாங்கிக்கிட்டேன்." சிரித்தார். பல்லிடுக்கில் ரோமம்.

"ஞாயித்துக்கிழமை நானே ஆக்கிப் போட்டிருப்பேனே."

"நான் பொறுப்பேன் பூரணி. இது பொறுக்க மாட்டேங்குது."

வாயை மூடினார். கடக், கடக். நிற்கவில்லை.

சட்டையை விலக்கினார். ஊசி இறங்கிய இடம். ஒரு பிளவு. உதடுபோல் ஈரம். உள்ளே, வெள்ளையாக, வரிசை.

திரும்பி ஓடினாள். பிடித்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது.

"கோவிச்சுக்காத தாயி," என்றார். அழுதுகொண்டிருந்தார். அவள் உள்ளங்கையை மெதுவாகப் பிரித்து, சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல், ஒவ்வொரு விரலாக வயிற்றுக்கு ஊட்டத் தொடங்கினார்.