கொடியில் கறுத்த துணி

ஆஷா வீட்டார் தெருவுக்குத் தரவேண்டிய கடன் முப்பது ரூபாய். அது அவளுக்கே தெரியாது.

புகையைக் குறைப்போம் என்று உலக நாடுகள் கையெழுத்துப் போட்டதைச் சாரதாமணி டீச்சர் வகுப்பில் சொன்னார்.

"போட்டதும் குறைஞ்சிருச்சா டீச்சர்?" என்றாள் ஆஷா.

"சில நாட்டுல குறைஞ்சுது கண்ணு. சில நாடு கையெழுத்தோட சரி. தவறினா அபராதமும் இல்ல பாரு."

அன்று மாலையே ஆஷாவும் தோழி கிருத்திகாவும் தெருவுக்கு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பனியன் கம்பெனிகள் கழித்துப் போடும் துணித் துண்டுகளை, அந்தப் பனியன் வேஸ்ட்டை, வெந்நீர் அடுப்பில் எரிக்கக் கூடாது. எரித்தால் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் அபராத டப்பாவில் போட வேண்டும். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். புகை வருகிறதா என்று பார்க்க, தெருவில் துணி காயப்போடும் கொடியில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் காலை துணியில் கரி. அடுத்த நாளும் கரி. கறுத்த விரல்கள் தடவியதுபோல் கோடு கோடாக இருந்தது.

மாலையில் எல்லா அடுப்பையும் தொட்டுப் பார்த்தார்கள். சில்லென்று இருந்தன.

"நெருப்பே இல்லாம புகைடி! பேய்தான்," என்றாள் கிருத்திகா.

"பேய்க்கும் குளிருது போல," என்று ஆஷா சிரித்தாள்.

மூன்றாம் நாள் விடியுமுன் எழுந்து போனாள். எங்கும் பனி. ஒரு கறுப்பு வால் தரையோடு ஊர்ந்து வந்து துணியைத் தொட்டது. வாலைப் பிடித்தபடியே நடந்தாள். அது மூலையில் திரும்பி, அவள் வீட்டுப் பின்பக்கம் போய் நின்றது. அங்கே கூனிய உருவம் ஒன்று. இரண்டு சிவந்த கண்கள்.

"அப்பா!" அவர் முன்னால் அடுப்பில் பனியன் வேஸ்ட் புகைந்துகொண்டிருந்தது.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா, சாயம் போக வெந்நீர் வேணும்ல தாயி?" என்றார் சாயப்பட்டறையில் வேலை செய்யும் அப்பா.

"கையெழுத்துப் போட்டீங்களேப்பா!"

"நீ நீட்டுன. தூக்கக் கலக்கத்துல போட்டேன். எவன் படிச்சான்?"

அபராதம் எழுதுவது ஆஷாதான். மறைத்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் துணிக்குத் தெரியுமே! மூன்று நாளுக்கு முப்பது ரூபாய் என்று அப்பா பேரில் எழுதினாள்.

எரியாத வேஸ்ட்டை அள்ளினாள். கைக்குக் கதகதப்பாக இருந்தது. உடனே கிருத்திகாவிடம் ஓடி, நடந்ததையும், துணி சூட்டைப் பிடித்து வைக்கும் என்று தனக்குத் தோன்றியதையும் சொன்னாள்.

அன்று பகலெல்லாம் ஒரு கறுப்பு டிரம் தண்ணீர் வெயிலில் காய்ந்தது. சாயங்காலம் இருவரும் அதைச் சுற்றி வேஸ்ட்டைக் கனமாகக் கட்டினார்கள்.

"டிரம்முக்கு ஸ்வெட்டராடி?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள் கிருத்திகா.

விடிகாலையில் அப்பா கைவிட்டுப் பார்த்தார். "அட, வெதுவெதுன்னு இருக்கே!"

கொடித் துணி வெளுப்பாக ஆடியது. ஓரத்தில் மட்டும் லேசாகக் கரி.

"இது ஆரு புகைடி?" என்றாள் கிருத்திகா.

"பக்கத்துத் தெருவா இருக்கும். அங்க இன்னும் நாம போகல."

குளித்துவிட்டு வந்த அப்பா, அபராத டப்பாவில் மூன்று பத்து ரூபாய்த் தாள்களைப் போட்டார்.

"கடன் தீந்துச்சா தாயி?"

"தீந்துச்சுப்பா."