உளுந்து ஏறிய வண்டி

வேம்பு சட்டென்று காரின் பிரேக்கை மிதித்தாள். திருவிடைமருதூரை ஒட்டிய கிளைச் சாலையில், வண்டிகள் ஏறி மிதித்து மணி உதிரட்டும் என்று உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள்.

"ஏங்க நின்னுட்டீங்க? மேல ஏறி வாங்க." சாலையோரம் நின்ற இளைஞன் கையசைத்தான்.

"செடி அடியில சிக்கிக்கிட்டா? இது இன்னும் எங்க வண்டி இல்லைங்க."

"ஓட்டிப் பார்க்கிறீங்களா? அதான் வண்டி உங்களைப் பார்த்து நடுங்குது."

என்ன திமிர்... ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய வானம் போலக் கறுத்து, குளிர்ந்து...

பக்கத்தில் இருந்த அப்பா ரெத்தினத்துக்குக் கோபம். "பார்த்தியா? பழைய வண்டின்னா வழியில போறவன்லாம் கேலி பண்றான். புதுசே எடுப்போம். சொந்தக்காரங்க மத்தியில கௌரவமா இருக்கும்."

அப்பாவின் முழங்கால் சிகிச்சைக்கு வாராவாரம் தஞ்சாவூர் போக வேண்டும். புது வண்டி என்றால் கீறல் விழுமோ என்ற பயத்திலேயே வேம்பு அதை வெளியே எடுக்க மாட்டாள். சாயங்காலத்துக்குள் வண்டிக்காரருக்கு முடிவு சொல்லியாக வேண்டும்...

கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று... கோடை மழை.

அவன் ஓடினான். "அம்மா, சாக்கை மூடுங்க!" சாலையோரம் உளுந்து மூட்டைகள். அவற்றுக்குப் போதாத ஒரே ஒரு படுதா.

வேம்பு இறங்கி டிக்கியைத் திறந்தாள். "ஏத்துங்க."

"வேண்டாங்க, சீட்டெல்லாம் புழுதியாயிடும். வண்டிக்காரர் ஏதாச்சும்..."

"கேட்டுட்டேன் தம்பி," என்றார் ரெத்தினம், காதிலிருந்து போனை எடுத்தபடி. "தாராளமா ஏத்திக்கச் சொல்றார். சீக்கிரம்."

அவன் வீட்டுக் கூடத்தில் மூட்டைகளை இறக்கியபோது வெளியே மழை கொட்டியது. அவன் தாய் ரெங்கம்மாள் வேம்புவின் தலையைத் துவட்டத் துண்டு நீட்டினாள். அவன்... வளவன்... அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

திரும்பும் வழியில் ரெத்தினம் மடியில் ஒட்டிய உளுந்துத் தோலைத் தட்டினார். "புது வண்டியா இருந்திருந்தா, நான் கண்ணாடியைக்கூட இறக்க விட்டிருக்க மாட்டேன். நாலு பேருக்கு உதவாத கௌரவம் எதுக்கு? இதையே எடுத்துக்கலாம்மா."

வேம்புவின் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது. மகாலிங்க சுவாமியை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் அதே சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வளவன் மட்டும் நின்றிருந்தான்.

வேம்பு கண்ணாடியைப் பாதி இறக்கினாள். "உளுந்து இல்லையே... இங்க என்ன பண்றீங்க?"

"கேலி பண்ணதுக்கு மன்னிப்புக் கேக்கணும்னு..." அவன் தலையைக் குனிந்தான். "பொய் வரலைங்க. உங்களைப் பார்க்கத்தான் தினமும் நிக்கிறேன்."

அவள் ஸ்டீயரிங்கையே பார்த்தாள். "தஞ்சாவூருக்கு மெயின் ரோடு நேரா போகுது. இது சுத்து வழி... தெரிஞ்சுதான் வந்தேன்."

பின் சீட்டில் ரெத்தினம் தொண்டையைச் செருமினார்.

"கண்ணாடியை முழுசா இறக்கும்மா. தம்பி சொன்னது எனக்குச் சரியா கேக்கலை."