தரைக்கு அடியில் கொத்துகிற சத்தம்

மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டு உட்கார்ந்தபோதுதான் பெஞ்சமினுக்கு அது கேட்டது. புதுத் தரைக்கு அடியில் யாரோ செங்கல் கொத்திக்கொண்டிருந்தார்கள். எலிச் சத்தமா, கல் கொத்துகிற சத்தமா என்று அவனுக்குத் தெரியாதா என்ன? இடிந்த வீடுகளை அள்ளுகிற வேலையில் பதினோரு வருஷம். பழைய கல்லில் ஒட்டின காரையைக் கொத்தி உதிர்த்து, கல்லை ஒரு ஓரமாக அடுக்குகிற அந்த டொக், டொக், சரக் அவன் காதிலேயே குடியிருக்கிறது.

தட்டைத் தள்ளி வைத்தான். மூன்று நாளாக விடாத மழை, மூக்கில் ஈரச் சிமெண்ட் வாசனை, விளக்குப் போட்டும் போகாத மூலை இருட்டு. பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. மனைவி ஷீபா பிரசவத்துக்குத் தாய்வீடு போய் நாலு மாசம். தன் குரலே அவனுக்கு மறந்துபோயிருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் அவள் கைக்குழந்தையோடு முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் இந்தச் சத்தம் நின்றாக வேண்டும்.

போன் அடித்தது. ஷீபாதான்.

"கெளம்பிக்கினே கீறோம் மாமா. அஞ்சு மணிக்கெல்லாம் வூட்டாண்ட இருப்போம். இன்னா, பேச்சே காணோம்?"

வராதே என்று சொல்லத்தான் வாயெடுத்தான். "ஒண்ணும் இல்ல. நீ வா," என்றான்.

போன வருஷப் புயலிலும் இதையேதான் சொன்னான். இடிந்த வீட்டின் மேல் ஜேசிபி கை வைக்குமுன், இன்ஜினை நிறுத்தி, கடப்பாரையால் மூன்று தட்டு தட்டி, உள்ளே யாராவது பதிலுக்குத் தட்டுகிறார்களா என்று காதை வைத்து இருபது எண்ண வேண்டும். அவர்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். ராணியம்மாளின் வீட்டில் அவன் ஐந்துதான் எண்ணினான். அவள் ஒண்டிக்கட்டை. தென்னேரியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பாள் என்று ஊரே சொன்னது. உள்ளேயிருந்து யாரோ தட்டுவது போலத்தான் இருந்தது. ஓட்டில் மழை சொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னா பெஞ்சமின், எதுனா கேக்குதா?" என்றான் ஜேசிபி ஓட்டுகிற வேதகிரி.

"ஒண்ணும் இல்லண்ணே. அள்ளு."

அதோடு விட்டானா? ஏரிப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போகவேண்டிய அந்த இடிசலில் நாலு டிராக்டர் லோடு கேட்டு வாங்கி, தன் புது வீட்டுத் தரைக்கு அடியில், பேஸ்மட்டத்தை ரொப்பிக்கொண்டான். ராணியம்மாள் இன்றுவரை ஊர் திரும்பவில்லை. அவளைத் தேடவும் ஆளில்லை.

மூன்று மணிக்குச் சத்தம் கூடத்தின் நடுவுக்கு வந்தது. கொத்துவது நின்று, இழுக்கிற சத்தம். கம்பி ஒரு பக்கம். மரம் ஒரு பக்கம். கல் ஒரு பக்கம். பிரிக்கிறார்கள். அவசரமே இல்லாமல். இடம் பண்ணுகிறார்கள்.

கடப்பாரையை எடுத்தான். மூன்று தட்டு தட்டினான்.

"ராணியம்மா... உள்ள கீறியா?"

காதை வைத்தான். இந்தத் தடவை இருபதும் எண்ணினான். கீழே இழுக்கிற சத்தம் நிற்கவேயில்லை.

உள்ளங்கை கொப்புளிக்கத் தரையை இடித்தான். மணி ஐந்தை நெருங்கும்போது கடப்பாரை வெறும் காற்றில் இறங்கியது. ஓட்டையில் டார்ச் அடித்தான்.

உள்ளே இடிசலைக் காணோம். ஓரமெல்லாம் சுத்தமாகக் கொத்தி அடுக்கிய செங்கல். நடுவில் பெருக்கின மண். படுக்கிற மாதிரி நாலு இடம். ஒன்றில் யாரோ படுத்து எழுந்த பள்ளம். பக்கத்தில் அவன் நீளத்துக்கு ஒன்று. ஷீபா நீளத்துக்கு ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவே, முழ நீளத்தில் ஒன்று.

வாசலில் ஆட்டோ நின்றது. குழந்தை சிணுங்கியது.

"கதவத் தொற மாமா. புள்ள நனஞ்சிக்கினு கீது."

அவன் டார்ச்சைத் திருப்பவில்லை. கீழே அந்தச் சின்ன இடத்தில் கண்ணாடிச் சில்லு ஒன்று மினுங்கியது. இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. நகமெல்லாம் காரை. பிஞ்சு உடம்பில் குத்திவிடாதபடி அந்தச் சில்லைப் பதமாகப் பொறுக்கி எடுத்து அப்பால் வைத்துவிட்டு, மண்ணைத் தடவித் தடவிச் சமன் பண்ணியது.