சூட்டு வலி

காலை பத்தரை மணிக்கு நாகஜோதி நாயின் வயிற்றைத் தொட்டபோது அது ஜில்லென்று இருந்தது. சித்திரை மாதம், கழனிவாசல் ஊரில் குழாயைத் திறந்தாலே கை சுடும், மொட்டை மாடியின் வெக்கை காரை வழியாக இறங்கி, பினாயில் நெடியோடும் நாய் மூத்திர வாடையோடும் சேர்ந்து அறைக்குள் தேங்கிக் கிடந்தது. அந்த அறையில், பழைய பட்டுப்பாவாடை விரித்த அட்டைப்பெட்டிக்குள், மினியின் வயிறு மட்டும் பானைத் தண்ணீரைப் போலக் குளிர்ந்திருந்தது. கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். ஃபேன் காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மினி இரண்டு கிலோகூடத் தேறாத சிவாவா ஜாதிக் குட்டை நாய். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனதில் நாகஜோதிக்கு நாலு பேர் பார்வை கிடைத்தது. அது போதவில்லை. குட்டி கொடுக்கிற வீடு என்று பேர் வாங்க வேண்டும். சாக்கோட்டையில் ஒரு வீட்டு ஆண் நாயை, மினியைப் போல இரண்டு மடங்கு உடம்புள்ளதை, தேடிப் பிடித்துச் சேர்த்தாள். குட்டிகள் கொழுகொழுவென்று பிறக்க வேண்டுமாம்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர் அழகுசுந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாலு குட்டி இருக்கும்மா. எல்லாத்துக்கும் தலை பெருசு, இதுக்கு இடுப்பு சிறுசு. வலி வந்து ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் வரலைன்னா தூக்கிட்டு வந்துருங்க. ஆபரேஷன்தான்."

"மாட்டு டாக்டருக்கு மாட்டு இடுப்புதான் அளவு" என்று வீட்டில் வந்து சிரித்தாள். அவர் சொன்னதில் நாலு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் நாலு பேருக்கு வாக்குக் கொடுத்தாள். முதல் குட்டி எதிர்வீட்டுச் சந்திரலேகாவுக்கு.

இன்றைக்குப் பதினொரு மணிக்கு மினி முக்கத் தொடங்கியது. சுருண்டது, நிமிர்ந்தது, தன் உடம்புக்குள் வேறு யாரோ நுழைந்துவிட்டதைப் போல வாலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டரை ஆகியும் ஒன்றும் வரவில்லை. கரும்பச்சையாக ஒரு நீர் மட்டும் பட்டுப்பாவாடையில் ஊறியது. குளத்துப் பாசியின் வாடை, அதற்கடியில் துருவின் வாடை.

"டாக்டருக்குப் போன் போடவா?" என்றான் அவள் புருஷன் வீரபாண்டியன். இரண்டு மணி பஸ்ஸில் சிவகங்கைக்குப் போக வேண்டியவன், சட்டை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று கேட்டான்.

"எதுக்கு? இது சூட்டு வலி, பொய் வலி. சீரகத் தண்ணி குடுத்தா நின்னுரும். நிக்காட்டித்தான் நெச வலி."

"அது மனுசருக்குச் சொல்றது."

"உங்கக்காவுக்கு ரெண்டு தடவ சூட்டு வலின்னு தெரியாம ஆஸ்பத்திரிக்கு ஓடுனவுகதான நீக. பேசாமப் போங்க."

அவன் பேசாமல் போனான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு நன்றாக வந்த வேலை அது ஒன்றுதான்.

சீரகத்தை வறுத்து, கொதிக்க வைத்து, ஆற்றி, பாலாடைச் சங்கில் எடுத்து மினியின் கடைவாயில் ஊற்றினாள். பாதி வழிந்தது. அரை மணி நேரத்தில் முக்கல் நின்றது. மினி கால்களை நீட்டிப் படுத்தது. நாகஜோதிக்கு அடக்க முடியாத பெருமை. வலி நின்றது, ஆகவே சூட்டு வலி. அந்தச் சிறிய உடம்பில் முக்குவதற்குத் தெம்பு தீர்ந்துபோயிருக்கலாம் என்பது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

ஒன்றரைக்கு மருத்துவரே அழைத்தார். "வலி வந்துருச்சாம்மா?"

"இன்னும் இல்ல சார்." தேன் தடவிய குரல். ஆபரேஷன் என்றால் மாட்டு டாக்டர் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

இரண்டேகாலுக்குச் சமையலறையில் இருந்தபோது முதல் சத்தம் கேட்டது. மெல்லிய, ஈரமான ஒரு முனகல். கண் திறக்காத குட்டி மடி தேடுகிற சத்தம். ஓடினாள். மினி அப்படியே ஒருக்களித்துக் கிடந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தாள், பாவாடையின் மடிப்புகளை விலக்கினாள், பெட்டியின் மூலைகளைத் துழாவினாள். குட்டி இல்லை. சத்தமும் இல்லை.

சமையலறைக்குத் திரும்பினாள். இப்போது இரண்டு குரல்கள்.

கட்டிலுக்கடியில் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள், வெயிலைத் தவிரத் தெருவில் யாரும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து வருவது போல அமுங்கிய சத்தம். பெட்டியை நெருங்கினால் கூடியது. விலகினால் குறைந்தது.

மினியைத் தூக்கினாள். தலைகூடத் தொங்கவில்லை. உடம்பு பலகையாக இருந்தது. மூக்கில் விரலை வைத்தாள். காற்று இல்லை. கண் திறந்திருந்தது. அதில் ஒரு எறும்பு.

அப்போது அவளுடைய முழங்கையில், நாயின் வயிறு படிந்திருந்த இடத்தில், ஒரு அதிர்வு.

காதை வைத்தாள்.

மூன்று குரல்கள். இல்லை, நாலு.

மருத்துவருக்குப் போன் போட்டாள். மூன்றாம் தடவைதான் போனது.

"மினி செத்துப்போச்சு சார். குட்டிய எடுத்துறலாமா?"

"எப்ப செத்துச்சு?"

"தெரியல."

"வெறைச்சிருச்சா?"

"வெறைச்சிருச்சு."

"அப்பக் குட்டியும் இருக்காதும்மா. நாலுமே போயிருக்கும்." பிறகு கேட்டார்: "அங்க என்ன சத்தம்? வீட்ல வேற நாயி குட்டி போட்டிருக்கா?"

போன் கையிலிருந்து நழுவியது. அவருக்கும் கேட்கிறது.

கதவு தட்டப்பட்டது. சந்திரலேகா.

"நாகஜோதி, சத்தம் தெரு வரைக்கும் கேக்குது. கதவத் தெறங்க. மொதக் குட்டி எனக்குன்னு சொல்லியிருக்கீக, மறந்துறாதீக."

தரையில் உட்கார்ந்தபடி கதவைப் பார்த்தாள். மடியில் மினி.

"எது என் குட்டி?" கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சந்திரலேகா.

நாலு குரல்களும் நின்றன.

அமைதி. வெக்கை. பாசி வாடை.

அவள் உள்ளங்கைக்குக் கீழே, குளிர்ந்த தோலுக்கு அடியில், ஒரு புடைப்பு புரண்டது. கதவுப் பக்கம் திரும்பியது. தோலில் ஒரு சின்ன வாய் பதிந்தது. திறந்தது. மூடியது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று. வரிசையாக.

கையை எடுக்க நினைத்தாள். கை வரவில்லை.

செத்த மினியின் விறைத்த பின்னங்கால் மெதுவாக, மிக மெதுவாக, அவற்றுக்கு வழிவிட்டு உயர்ந்தது.