படம் விட்டு விட்டு வருகிறது

போன் அடித்தது.

ஏணி உச்சியில் நின்றபடியே எடுத்தான் இன்டர்நெட் லைன்மேன். அவசரப் புகார், படம் நின்று நின்று வருகிறதாம், உடனே போ என்றது ஆபீஸ்.

போனான்.

கதவைத் திறந்தவளின் உதடு கிழிந்திருந்தது. புகாரா என்று விழித்தாள். வெளியூரில் இருக்கும் தன் கணவர் கொடுத்திருப்பார் என்றாள். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னாள்.

ஹாலில் ஒரு சூட்கேஸ்... பூட்டித் தயாராக.

நமக்கெதற்கு என்று வேலையைப் பார்த்தான்.

மோடம் இரும்பு பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. சிக்னல் எப்படி வரும்? எடுத்து அலமாரியின் மேல் வைத்தான். நசுங்கிய ஒயரை மாற்றினான். டிவியில் படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினான்.

படம் நிற்காமல் ஓடியது.

டிவியை அணைத்தான். மோடம் விளக்கு மட்டும் அடங்கவில்லை... துடித்துக்கொண்டே இருந்தது.

தன் மொபைலில் பார்த்தான். வீட்டிலிருந்து ஏதோ டேட்டா இடைவிடாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. பாதி இணைப்பைத் தின்றபடி.

"அக்கா, வீட்டுல கேமரா இருக்கா?"

"கேமராவா? இல்லையே."

அவன் பார்வை சுவர்க் கடிகாரத்தில் நின்றது. ஆறாம் எண்ணின் வட்டத்துக்குள்... ஒரு சின்னக் கறுப்புக் கண்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷமாகக் கணவனிடம் அடி. நாலு மணி ரயிலில் தங்கை வீட்டுக்குப் போய்விட இருந்தாள். அவனுக்குத் தெரியாது என்று நம்பியிருந்தாள்.

"அப்ப நான் பெட்டி அடுக்கினது..."

"எழுந்திரிங்க அக்கா. ஸ்டேஷன்ல நான் விடறேன்."

லைன்மேனின் போன் அடித்தது.

"தம்பி, புகார் கொடுத்தவன் பேசறேன்." நிதானமான குரல். "ரெண்டு நாளா விட்டு விட்டு வந்துச்சு. அவ என்ன அடுக்கறான்னே தெரியல. இப்பப் பளிச்சுன்னு இருக்கு."

"சார்... டிவி..."

"டிவியப் பத்தி யாரு கேட்டா?"

லைன்மேன் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான்.

வாசல் கதவில் 'க்ளிக்' என்றது. அவள் ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. ஜன்னல்களில் இரும்புக் கம்பி.

"தெருமுனைக்கு வந்துட்டேன், இருங்க. கைராசிக்காரர் தம்பி நீங்க. முன்னெல்லாம் போன்ல நாலு தடவை அமுக்கினாத்தான் அந்தக் கதவு பூட்டும்... இப்ப ஒரே தட்டு!"